கோலியர்ஸ் வுட் டாக்கோ கடையில் எரிந்த மோட்டார்

லண்டனில் நான் கடையில் முதலில் சாப்பிட்டது சப்பாத்திக்கள்ளி. கோயம்புத்தூர்ப் பக்கம் வேலியோரம் கேட்பாரற்று முளைத்துக் கிடக்கும் அதே கள்ளிதான். முள்ளைச் சீவி, கீற்றுக் கீற்றாக அரிந்து, வெங்காயத்தோடு இரும்புக் கல்லில் வாட்டி, உள்ளங்கை அகலச் சோள ரொட்டி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அதில் போட்டு, டாக்கோ என்று கொடுத்தார்கள். அதைத் தின்னலாம் என்று ஐம்பத்தாறு வயது வரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

கையில் வாங்கி வாய்க்கு நேராகத் தூக்கினேன். பாதி சட்டையில் விழுந்தது.

"அண்ணை, கையைத் தூக்காதேங்கோ. தலையைச் சரிச்சுக்கொண்டு நீங்கள் அதுகிட்டப் போங்கோ," என்றார் பக்கத்தில் நின்ற குகன். "இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான். வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். சுவரோரப் பலகையில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டு, தெருக்குழாயில் தண்ணீர் குடிக்கிறவர்களைப்போல உடம்பை முன்னால் வளைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டு போட்டவரும் சரி, சிமெண்டுத் தூசியோடு வந்தவரும் சரி, ஒரே வளைவு. நானும் வளைந்தேன். கள்ளி கொஞ்சம் வெண்டைக்காய் போலவும் கொஞ்சம் மாங்காய் போலவும் இருந்தது.

நான் கிரைண்டர் செய்கிறவன். ஓட்டல்களுக்கு மாவாட்டும் பெரிய கல் கிரைண்டர். எங்கள் பட்டறையில் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். கிங்ஸ்பரியில் இருக்கும் சிவநேசன் என்கிற யாழ்ப்பாணத்து வியாபாரி என் மெஷின்களை வாங்கி, லண்டன் தோசைக் கடைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் போன் செய்து, மெக்சிகோக்காரர்கள் நடத்தும் கடை ஒன்றுக்கு மெஷின் கேட்கிறார்கள் என்றார். "அவையளுக்கு அரிசி இல்லை, மக்காச்சோளம் அரைக்க வேணுமாம். கல்லிலதான் அரைக்க வேணுமாம். உங்கட மெஷின் செய்யுமோ?"

மெஷின் போய்ச் சேர்ந்தது. அடுத்ததாக அவர்கள் பெரிய கடை ஒன்று திறக்கப்போகிறார்கள், அதற்கு மூன்று மெஷின் வேண்டியிருக்கும், போய்ச் சேர்ந்ததைச் செய்தவரே வந்து முதலில் ஓட்டிக் காட்டினால் நல்லது என்றார் சிவநேசன். கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்துக்கு வண்டியோடு வந்து காத்திருந்தவர் குகன். மேலே ஏணி கட்டிய வெள்ளை வேன். எலக்ட்ரீஷியன். ஃபாரஸ்ட் கேட்டில் வீடு. பத்தொன்பது வயதில் வந்தவர், இப்போது நாற்பத்தைந்து இருக்கும். சிவநேசன் விற்கும் மெஷின்களுக்கு லைன் இழுத்துக் கொடுப்பவர் அவர்தான். என்னை அழைத்துப்போக யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. "நீங்கள் மெஷின் செய்யிறனீங்கள், நான் அதுக்குக் கரண்ட் குடுக்கிறனான். அப்ப நாங்கள் சொந்தக்காரர்தானே," என்று சிரித்தார். மறுநாள் கோலியர்ஸ் வுட் கடைக்குக் கூட்டிப்போய்க் கள்ளி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

கடைக்காரர் பெயர் ஒஃபேலியா. பியூப்லா என்ற ஊரிலிருந்து வந்தவர். குள்ளமான உருவம், நரைத்த கூந்தலை இறுக்கிக் கட்டியிருந்தார். கணவர் ரமீரோ இறைச்சிக் கம்பத்தின் முன்னால் நிற்பார். நம் ஊர் ஷவர்மா மாதிரியே நின்று சுழலும் கம்பம். உச்சியில் ஒரு அன்னாசிப்பழம். இறைச்சியைச் சீவிக்கொண்டே கத்தி நுனியால் மேலே ஒரு தட்டுத் தட்டுவார். பழத்துண்டு பறந்து வந்து சரியாக ரொட்டியில் விழும். இது எங்கள் ஊருக்கு அரபு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் கொண்டுவந்தது என்றார் ஒஃபேலியா, ஒளிவுமறைவில்லாமல். பரோட்டா எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம் ஆட்கள் இப்படிச் சொல்வார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே தரம் என்பதால் எங்களுக்குள் சிரமம் இருக்கவில்லை.

அந்தக் கடையில் எழுதாத சட்டங்கள் நிறைய. தட்டை நீட்டுமுன் "எல்லாம் போடவா?" என்று ஒரே கேள்வி, எல்லாம் என்றால் வெங்காயமும் கொத்தமல்லியும் மட்டும். சட்னியைக் கடைக்காரர் ஊற்றக் கூடாது, தின்கிறவர்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும். எழுந்து போகிறவர் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்தும் "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று ஸ்பானிஷில் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். லண்டன் பஸ்ஸில் பக்கத்து ஆள் முகத்தைக்கூடப் பார்க்காத அதே வெள்ளைக்காரர்கள் இங்கே அதைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கல்லாவுக்கு மேலே ஒரு மரப்பலகை. இரண்டு மொழியில் எழுதியிருந்தது. இங்கே பாக்கெட் மாவு இல்லை.

அதுதான் அந்தக் கடையின் உயிர் என்பதை ஒஃபேலியா எனக்குச் சமையலறையில் வைத்து விளக்கினார். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறப்போட்டு, தோல் கழன்றதும் கழுவி, கல்லில் அரைக்க வேண்டும். லண்டனில் பாதிக் கடைகள் பாக்கெட் மாவைக் குழைத்துத் தட்டுகின்றன. இவரோ விடியற்காலையில் நகரத்தின் மறுகோடிக்கு வண்டி கட்டிப் போய், கல் மில் வைத்திருக்கும் ஒரு தெரிந்தவரிடம் அரைத்துக்கொண்டு வருகிறார். ஐந்து வருடமாக. வருகிற சனிக்கிழமை கடைக்கு ஐந்தாவது ஆண்டு விழா. அன்றைய மாவைத் தன் கடையிலேயே, தன் கல்லிலேயே அரைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "மாவு கெட்டியாக வர வேண்டும். தண்ணீர் ஊற்றினால் ரொட்டி தட்ட வராது. தண்ணீர் இல்லாமல் உங்கள் மெஷின் அரைக்குமா?"

இங்கே நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிவநேசன் முதன்முதலில் கேட்டபோதே பட்டறையில் மக்காச்சோளத்தை ஊறப்போட்டு அரைத்துப் பார்த்தேன். நாலாவது நிமிடம் பெல்ட் வழுக்கி மோட்டார் கொதித்துவிட்டது. இட்லி மாவுக்கான மெஷின் அது. தண்ணீர் விட்டால்தான் கல் உருளும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன், ஓடியது. அந்த ஓட்டத்தைத்தான் வீடியோ எடுத்து லண்டனுக்கு அனுப்பினேன். தண்ணீர் ஊற்றியது வீடியோவில் இல்லை.

"அரைக்குமுங்க," என்றேன், தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

வியாழக்கிழமை சோதனை ஓட்டம். நான் தங்கியிருந்த கிங்ஸ்பரி வீட்டில், நானே ரயிலில் போய்விடுகிறேன் என்று சிவநேசனிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவன், வழி தப்பினேன். நான் போக வேண்டியது தெற்கே. மாறவேண்டிய ரயிலுக்கோ வடக்கு லைன் என்று பெயர். தெற்கே போகிறவன் வடக்கு லைனில் ஏறினால் வடக்கே போகும் வண்டியில்தான் ஏறியிருக்க வேண்டும் என்று ஏதோ கணக்குப் போட்டு, எதிர்ப்பக்க வண்டியில் உட்கார்ந்து, கூட்டம் குறைந்து ஊர் மாறியபிறகுதான் ஒரு சீக்கியப் பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என்னோடு இறங்கி, எதிர் மேடை வரை வந்து, சரியான வண்டியில் ஏற்றிவிட்டு, தன் வண்டியைத் தவறவிட்டார்.

கடையை அடைந்தபோது பகல் பன்னிரண்டு. ஒஃபேலியா இரண்டு கிலோ சோளம் ஊறவைத்திருந்தார். தண்ணீர் விடாமல்தான் போட்டேன். ஆனால் கொஞ்சம் மாவு என்பதால் கல் சமாளித்துவிட்டது. மோட்டார் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, தாங்கக்கூடிய சூடு. ஒஃபேலியா மாவை உருட்டி முகர்ந்தார். தட்டி, கல்லில் போட்டார். ரொட்டி பூரி மாதிரி உப்பியது. ரமீரோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து கைதட்டினார். உப்பு மட்டும் தூவிய அந்தச் சூட்டு ரொட்டியை நாலு தின்றேன். நல்ல மாவு. அதுதான் எனக்கு வினையாயிற்று. மில்காரருக்குப் போன் போட்டு, சனிக்கிழமையிலிருந்து வரமாட்டேன் என்று என் கண்ணெதிரே சொன்னார் ஒஃபேலியா. நிறுத்தச் சொல்ல எனக்கு அது ஒரு சந்தர்ப்பம். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் குகன் வீட்டில் சாப்பாடு. மீன் குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் புட்டும். அவர் மனைவி நளினி போதும் போதும் என்ற பிறகும் வைத்தார். இரண்டு பெண் பிள்ளைகள் ஆங்கிலத்தில் என்னை விசாரித்து, கடைசியில் 'மாமா' என்று மட்டும் தமிழில் சேர்த்தார்கள்.

"அண்ணை, உங்களுக்கு ஒரு புதினம்," என்றார் குகன். "ஒஃபேலியாவின்ர புதுக் கடை முழுக்க வயரிங் எனக்குத்தான் தாறா. இவ்வளவு நாளும் ஒரு கொம்பனியில ஷிப்ட் வேலை. போன மாசம் விட்டிட்டன். இதுதான் என்ர சொந்தப் பேரில முதல் பெரிய வேலை."

"பயமாக்கிடக்கு எண்டு சொல்லுங்கோ," என்றார் நளினி.

"பயந்தான். ஆனா அவ என்னை நம்புறா."

வேனின் பக்கவாட்டில் அவர் பெயரைப் புதிதாக எழுதியிருந்ததை வெளியே கூட்டிப்போய்க் காட்டினார். நான் நன்றாயிருக்கிறது என்றேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சமையலறையில் இருந்தோம். இரண்டு கிலோ அல்ல, பானை பானையாகச் சோளம். முதல் ஈடு போட்டேன். ஓடியது. இரண்டாவது ஈட்டில் கல்லின் சத்தம் மாறியது. கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாமா என்றேன். ஒஃபேலியா தலையசைத்து மறுத்தார். மூன்றாவது ஈடு பாதியில் இருக்கும்போது அந்த வாசனை வந்தது. மோட்டார் காயிலின் செப்புக்கம்பி கருகும் வாசனை. முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த வாசனை. மெஷின் நின்றது.

"என்ன ஆயிற்று?" என்று கேட்டார் ஒஃபேலியா.

என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது. "வோல்டேஜ்," என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. அவர் முகம் மாறியது. அந்த மெஷினுக்கு லைன் இழுத்த குகனுக்கு உடனே போன் போட்டார்.

குகன் லண்டனின் குறுக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வந்தார். மீட்டரை எடுத்து ஒவ்வொரு பிளக்காக வைத்துப் பார்த்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு மோட்டார் மூடியைக் கழற்றி, உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். பெல்ட்டை விரலால் தடவினார். கறுப்புப் பொடி ஒட்டியது.

"வயரிங்கில பிழையில்லை," என்று ஒஃபேலியாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். என் பக்கம் திரும்பி மெதுவாகத் தமிழில் சொன்னார். "அண்ணை, இது லோட் தாங்காமல் எரிஞ்சது. உங்களுக்கும் விளங்கும்."

ஒஃபேலியா என்னைத்தான் பார்த்தார். கடல் தாண்டி மெஷினோடு வந்தவன் நான்.

"இப்ப மீட்டர் சரியாத்தான் காட்டும்," என்றேன் ஆங்கிலத்தில். "எரிந்த நேரத்தில் ஏறி இறங்கியிருக்கலாம். யார் கண்டது?"

குகன் மீட்டர் வயரை விரலில் சுற்றி, பைக்குள் வைத்தார். அவர் வாதாடியிருந்தால் நான் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பேன். அவர் என்னை அண்ணை என்று கூப்பிட்ட மனிதர். நாலு பேர் முன்னால் என்னைப் பொய்யன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கோ அவரைப் பலி கொடுக்க வாய் வந்தது.

"புதுக் கடை வேலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், குகன்," என்றார் ஒஃபேலியா. கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "சமையலறையில் நெருப்புப் பிடித்தால் என்னால் தாங்க முடியாது."

"ஓகே," என்றார் குகன். பின்கதவால் போய்விட்டார்.

ஒஃபேலியா மில்காரரைக் கூப்பிட்டார்; அவர் அன்றைய வேலையை முடித்துக் கல்லைக் கழுவிவிட்டிருந்தார். இனித் திங்கள்தான் என்றார். கடை திறக்க ஒரு மணி நேரம் இருந்தது. ரமீரோ போய்ப் பாக்கெட் மாவு வாங்கிவந்தார். ஒஃபேலியா நாற்காலி போட்டு ஏறி, அந்த மரப்பலகையைத் தானே கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

அவர் அதோடு விட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மானம் மிச்சமிருந்திருக்கும். அவர் வாசலில் போய் நின்றுகொண்டார். வருகிற ஒவ்வொருவரிடமும் ஸ்பானிஷிலோ ஆங்கிலத்திலோ சொன்னார். இன்றைக்குப் பாக்கெட் மாவு. கரண்ட் கோளாறில் மோட்டார் எரிந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனால் நாலைந்து தடவைக்குள் அந்த வாக்கியம் மனப்பாடமாகிவிட்டது. வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. அவர் தோளைத் தட்டினார்கள், கட்டிக்கொண்டார்கள், உள்ளே வந்து தலையைச் சாய்த்துத் தின்றார்கள். ஒரு முதியவர் மட்டும் ஒரு கடி கடித்து, ரொட்டியைப் பார்த்து, மீதியை மெதுவாகத் தின்று முடித்தார். அத்தனை பேரிடமும் அந்தப் பெண்மணி மறைக்காமல் சொல்ல நினைத்தார். சொன்னதோ என் பொய். மூன்று மணி வரை நான் பாத்திரம் கழுவினேன். அவர் நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்பரியில் மழை. சிவநேசன் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார். "குகன் பிழை விடுற ஆள் இல்லை. உண்மையா வோல்டேஜ்தானோ?"

"ஆமாங்க," என்றேன். இரண்டாவது தடவை சொல்லும்போது சிரமமே இல்லை என்பதைக் கவனித்தேன்.

திங்கட்கிழமை என்னை விமான நிலையத்தில் விட வருவதாகக் குகன் முன்பே சொல்லியிருந்தார். வரமாட்டார் என்று நினைத்துச் சிவநேசனிடம் வாடகைக் காருக்குச் சொல்லச் சொன்னேன். ஆனால் சொன்ன நேரத்துக்கு வெள்ளை வேன் வாசலில் நின்றது.

"வாங்கோ அண்ணை. பாஸ்போர்ட் எடுத்தனீங்களே?"

வழியெல்லாம் டிராபிக்கைப் பற்றிப் பேசினார். பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினார். மெஷின் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. முக்கால் மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பச்சை விழுந்துவிடும். விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார். "பாத்துப் போங்கோ," என்றார். "சரிங்க குகன்," என்றேன். அவ்வளவுதான்.

ஊருக்கு வந்து இருபது நாள் பட்டறையில் ஒரு வேலையும் சரியாக ஓடவில்லை. இருபத்தோராவது நாள், கல்லூரியில் படிக்கும் என் மகளை உட்கார வைத்து, ஒஃபேலியாவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னேன். வீடியோவில் ஊற்றிய தண்ணீரிலிருந்து வோல்டேஜ் வரை எல்லாம் சொன்னேன். குகன் மேல் குற்றமில்லை என்பதை இரண்டு தடவை எழுதச் சொன்னேன். எழுதி முடிக்கும்வரை என் மகள் தலை நிமிரவில்லை. "அனுப்பட்டுமாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்துச் சிவநேசன்தான் பேசினார். என் மெஷின்களை இனி எடுக்கப் போவதில்லை என்று முதலில் சொன்னார். அது நியாயம். பிறகு குகனைப் பற்றிச் சொன்னார். கடிதம் கிடைத்த அன்றே ஒஃபேலியா சாப்பாடு கட்டிக்கொண்டு ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்று, குகனின் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். ஆனால் புதுக் கடை வயரிங்கை அதற்குள் வேறொரு ஆள் தொடங்கிப் பாதி முடித்துவிட்டார். குகன் பழைய கம்பெனிக்கே ஷிப்ட் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

"என்ன சொன்னார் குகன்?" என்று கேட்டேன்.

சிவநேசன் குகன் சொன்னதை அப்படியே சொன்னார். "அவ வீடு தேடி வந்தவ. அண்ணை எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை எண்டார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் எழுதியது மெஷின் வாங்கியவருக்கு. என்னால் வேலை போனவருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் நம்பர் என் போனில்தான் இருந்தது, 'குகன் வேன்' என்று.

அன்று மாலையே கூப்பிட்டேன். அங்கே மதியம். நாலைந்து தடவை போன் அடித்த பிறகு எடுத்தார். பின்னால் டிரில் ஓடும் சத்தம்.

"ஓம், சொல்லுங்கோ அண்ணை."

சொன்னேன். தெரிந்தே பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.   டிரில் சத்தம் நின்று, மறுபடி ஓடியது.

"அண்டைக்கு வேனுக்குள்ள சொல்லியிருக்கலாம்தானே அண்ணை," என்றார். "நான் அதுக்குத்தான் வந்தனான்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சரி, வேலையில நிக்கிறன். வைக்கட்டே?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் சரி என்று சொல்லும்வரை காத்திருந்துவிட்டு வைத்தார்.